வளைத்துப் பிடித்த வயர்

கரிசல் கட்டி லேசில் கரைவதாக இல்லை. தங்கலட்சுமி டம்ளருக்குள் இரண்டு விரலை விட்டு நசுக்கி நசுக்கிப் பார்த்தாள். காலையில் சித்தப்பா சுந்தரபாண்டி கீழப்புஞ்சைக்குப் போய் வரப்போரம் குத்தி எடுத்து வந்த கட்டி அது. புரட்டாசி முடியப் போகிறது, சொட்டு மழை இல்லை. மண் கல்லாகிக் கிடந்தது. ஆயுசு பூராவும் தன்னோடு மல்லுக்கட்டிய மனிதனுக்கு ஒரு மடக்கு இறங்கவும் இது இத்தனை பிகு பண்ணுகிறதே என்று அவளுக்கு மண்மேலேயே ஆத்திரம் வந்தது.

"வடிகட்டிக் கொடு தாயி. கப்பி தொண்டையில நின்னுக்கிரப் போகுது" என்றார் சித்தப்பா.

முன்வீட்டில் கயிற்றுக் கட்டிலில் அப்பா இருளப்பசாமி கிடந்தார். வாதம் அடித்து, பேச்சுப் போய், இடப்பக்கம் முழுசும் விழுந்துவிட்டது. மதுரையில் வைத்துப் பார்த்தார்கள். இனிமேல் வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வந்ததிலிருந்து தண்ணீரைத் தவிர எதுவும் இறங்கவில்லை. மூச்சு மட்டும் இழுத்துக்கொண்டிருந்தது. நின்றுவிட்டது என்று எல்லோரும் குனியும்போது மறுபடி எங்கிருந்தோ ஒன்று வரும். வலது கை மட்டும் இன்னும் அவர் சொன்னதைக் கேட்டது. அந்தக் கைக்குள் கறுப்பு வயர் ஒன்றைப் பிடித்திருந்தார்.

அம்மா மாயக்காள் மண் தண்ணீரைக் கரண்டியால் வாயோரம் விட்டாள். பாதி கன்னத்தில் வழிந்து தலையணையைக் கறுப்பாக்கியது. முந்தின நாள் அவளுடைய தாலிக்காசை உரைத்துப் பாலில் கலந்து ஊற்றியிருந்தார்கள். உயிர் போகாமல் இழுத்தால் ஏதோ ஒரு ஆசை பிடித்துவைத்திருக்கிறது, அது மண்ணா பொன்னா என்று பார்த்துக் கொடுத்துவிட வேண்டும் என்பது இந்தப் பக்கத்து வழக்கம். இருளப்பசாமிக்குப் பொன்மேல் என்றைக்கும் ஆசை இருந்ததில்லை. மண்ணில் இருக்கும் என்றுதான் எல்லோரும் நம்பினார்கள். அதுவும் இல்லை போலிருக்கிறது.

வெயில் ஏறும் நேரத்தில் நரிக்குடி பஸ்ஸில் அத்தை மூக்கம்மாள் வந்து இறங்கினாள். அப்பாவுக்கு மூத்தவள். சாகக் கிடக்கிற வீட்டுக்கு அவள் வந்துவிட்டால் மற்றவர்கள் வாயைத் திறக்க வேண்டிய வேலை இல்லை. வாசலிலேயே அழுது தீர்த்துவிட்டு, மூக்கைச் சிந்தி முந்தானையில் துடைத்துக்கொண்டு, காரியமாக உள்ளே வந்தாள். தம்பியின் காலைத் தொட்டுப் பார்த்தாள். காது மடலை மடக்கிப் பார்த்தாள்.

"காது மடங்கிருச்சு. இன்னைக்குத் தாண்டாது. மண்ணு கொடுத்தீகளா?"

"இப்பத்தான் கொடுத்தோம்க்கா" என்றார் சித்தப்பா.

"பொன்னு?"

"நேத்தே ஒரசி ஊத்தியாச்சு மதினி" என்றாள் அம்மா.

அத்தை தம்பியின் வலது கையைத் தூக்கினாள். "இதென்னடி, கையில எதையோ பிடிச்சுக்கிட்டு இருக்கான்?"

"மாரியோட லேப்டாப்பு வயரு மதினி. பிடுங்குனா விட மாட்டேங்காக. தூங்கையிலயும் அப்படியேதான்."

அத்தை அந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு தலையில் அடித்துக்கொண்டாள்.

"அட கூறுகெட்டவளே! கையில பிடிச்சுக் காட்டிக்கிட்டுக் கெடக்கான், நீங்க மண்ணக் கரச்சுக்கிட்டு இருக்கீக! மண்ணுமில்ல, பொன்னுமில்ல. இது மகன் ஏக்கம்டி. அந்தப் பய பேசுற படம் இருந்துச்சே, தெனமும் சாயங்காலம் போட்டுக் கேப்பான்னு சொல்லுவியே, அத எடுத்தாந்து காதுல போடுங்க. கேட்டுட்டான்னா நிம்மதியாப் போயிருவான்."

எல்லோரும் தங்கலட்சுமியைத் திரும்பிப் பார்த்தார்கள். டம்ளருக்கு அடியில் தங்கியிருந்த மண்ணை அவள் விரலால் கிண்டிக்கொண்டிருந்தாள்.

"சார்ஜு இல்ல அத்தை."

"காலையில இருந்து செருகித்தானடி வச்சிருக்க?" என்றாள் அம்மா.

"அப்டேட் ஓடுதும்மா."

"எத்தன நாளைக்குடி ஓடும் அது? அவுக ஆஸ்பத்திரியில இருந்து வந்த அன்னைக்கும் ஓடுதுன்ன. நேத்தும் ஓடுதுன்ன."

"போ ஆத்தா, போய் எடுத்தா" என்று அத்தை தணிந்த குரலில் சொன்னாள். "பெத்த மகன் குரலக் கேக்காமப் போகலாமா? பாவம்டி."

"வாரேன்" என்று எழுந்து உள்ளறைக்குப் போனாள் தங்கலட்சுமி. கதவை ஒருக்களித்துவிட்டு மேசை முன்னால் நின்றாள். புது லேப்டாப் பளபளவென்று மூடிக் கிடந்தது. அதற்குள் மாரிக்கண்ணனின் குரல் இல்லை. வேறு எங்கேயும் இல்லை. அந்த வீட்டில் அது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

மாரிக்கண்ணன் அவளுடைய அண்ணன். பழைய லேப்டாப் அவன் பிளஸ் டூ படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் கொடுத்தது. பிறகு அவன் திருப்பூருக்கு பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டான். லீவுக்கு வரும்போதெல்லாம் போனில் அப்பாவைப் படம் எடுத்து அதில் ஏற்றி வைப்பான். ஒரு தீபாவளிக்கு வந்துவிட்டுத் திரும்பியவன் பல்லடம் ரோட்டில் லாரியில் அடிபட்டு இறந்தான். போன் சில்லுச்சில்லாகிவிட்டது. லேப்டாப்பில் இருந்த வீடியோக்கள்தான் மிச்சம்.

அதில் ஒன்றை அப்பா தினமும் கேட்பார். புஞ்சையில் நிற்கிற அப்பாவைப் படம் எடுத்துக்கொண்டே, "ஏப்பா, இந்த வருசம் மழ உண்டா?" என்பான் மாரி. அப்பா வானத்தைக் காட்டி, "மேல கேளு" என்பார். "மேல டவர் கெடைக்கலப்பா" என்பான். அவன் சிரிக்கிற சிரிப்பில் படம் ஆடும். பிறகு, "சரிப்பா, பஸ்ஸு வந்துரும். வாரேன்ப்பா." அதோடு முடிந்துவிடும். மாரியின் முகம் அதில் வராது, குரல் மட்டும்தான். 'வாரேன்ப்பா' என்றதும் கட்டிலில் உட்கார்ந்திருக்கிற அப்பா, "வா" என்று பதில் சொல்லுவார். பிறகுதான் சாப்பிட எழுந்திருப்பார்.

லேப்டாப்புக்கு பேட்டரி செத்துப் பல காலம் ஆகியிருந்தது. வயரைச் செருகினால் மட்டும் போதாது, செருகின இடத்தில் ஒரு தினுசாக வளைத்துப் பிடித்திருக்க வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் கர்ரென்று இரைந்துவிட்டு அணைந்துபோகும். அந்தப் பிடி அப்பாவுக்கு மட்டும்தான் வாய்த்தது. மூக்கணாங்கயிறு போட்ட காளையைப் பிடிக்கிற மாதிரி இரண்டு விரலில் பிடித்திருப்பார். இரைச்சல் வந்தால், "பொறு, பொறு" என்று விரலைக் கொஞ்சம் திருப்புவார். சரியாகிவிடும். இந்தக் கலை உங்களுக்கு எந்தக் காலேஜில் சொல்லிக் கொடுத்தார்கள் என்று அம்மா கேலி பண்ணுவாள்.

தங்கலட்சுமிக்கு அருப்புக்கோட்டை நூல் கடை ஒன்றின் பில்களை வீட்டிலிருந்தே பதிந்து கொடுக்கிற வேலை. இனிப் புது சாப்ட்வேர், பழைய மிஷினில் அது ஓடாது என்று கடையில் சொல்லிவிட்டார்கள். ஆவணியில் ஒரு நல்ல நாள் பார்த்து, பழையதைக் கொடுத்துவிட்டுப் புதுசு வாங்கலாம் என்று அப்பாவையும் கூட்டிக்கொண்டு அருப்புக்கோட்டைக்குப் போனாள். அதற்கு முன்பே அண்ணனுடைய வீடியோ அத்தனையையும் ஒரு பென் டிரைவில் ஏற்றி, "அண்ணன் பூராவும் இதுலதாம்மா இருக்கான், பத்திரம்" என்று அம்மாவிடம் கொடுத்திருந்தாள். அம்மா அதை சாமி அலமாரியில் மகன் படத்துக்கு முன்னால் வைத்துக் குங்குமம் இட்டாள்.

கடைக்காரர் ராஜகுரு பழைய லேப்டாப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அப்பா சார்ஜர் வயரைப் பிடுங்கிச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டார்.

"அய்யா, வயரும் சேத்துத்தான" என்றார் ராஜகுரு.

"மாட்ட வித்தா கயித்தக் கொடுப்பாகளா? நல்லாச் சொன்னீகளே! கயிறு வீட்டுலதான் இருக்கணும். வாங்குறவன் புதுக் கயிறு கொண்டாந்து பிடிச்சுட்டுப் போகணும். கயித்தையும் கொடுத்தா வீட்டு லட்சுமி கூடவே போயிருவா."

ராஜகுரு சிரித்துவிட்டார். "வச்சுக்கங்கய்யா" என்றார். வீட்டுச் சுவரில், விற்றுப்போன காளைகளின் கயிறுகள் தொங்கும் ஆணியில், வயரும் போய்த் தொங்கியது.

புறப்படும்போது ராஜகுரு தங்கலட்சுமிக்கு நல்லதுதான் சொல்லிக் கொடுத்தார். "புது மிஷினுன்னு நம்பி இருக்காதம்மா. வீட்டுக்குப் போனதும் பெரிய பென் டிரைவ் ஒண்ணுல ரெக்கவரி போட்டு வச்சுரு. நாளைக்கே இது படுத்துக்கிருச்சுன்னாலும் அதச் செருகுனா எந்திரிச்சு உக்காந்துரும்."

அன்று சாயங்காலம் பென் டிரைவைப் புது லேப்டாப்பில் செருகி, அண்ணனுடைய போல்டரைத் திரை முகப்புக்கு அனுப்பினாள். முகப்பில் மஞ்சளாக ஒரு குட்டிப் படம் வந்து உட்கார்ந்தது. அழுத்தினாள். "ஏப்பா, இந்த வருசம் மழ உண்டா?" என்றது, முன்னைவிடத் தெளிவாக. அப்பா எழுந்துபோய் ஆணியிலிருந்து பழைய வயரை எடுத்து வந்து, எதிலும் செருகாமலே, வளைத்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"அதுதான் தன்னால ஓடுதே! அத எதுக்குப் பிடிச்சுக்கிட்டு?" என்று அம்மா சிரித்தாள்.

"இருக்கட்டும்டி. கை சும்மா இருந்தா அவன் பேசுற மாதிரியே இல்ல."

மறுநாள் ரெக்கவரி போட உட்கார்ந்தாள். பெரிய பென் டிரைவ் அந்த ஒன்றுதான் இருந்தது. இதில் உள்ளதெல்லாம் அழிக்கப்படும், சம்மதமா என்று லேப்டாப் கேட்கத்தான் செய்தது. அதுதான் லேப்டாப்புக்குள் வந்துவிட்டதே, நேற்றுக்கூட ஓடியதே என்று நினைத்து, சம்மதம் என்று அழுத்தினாள். வெகுநேரம் ஓடி முடிந்தது. அம்மாவிடம் பென் டிரைவைத் திருப்பிக் கொடுத்தாள். அம்மா மறுபடி குங்குமம் இட்டு வைத்தாள்.

அன்று சாயங்காலம் படம் கேட்க வந்து உட்காரும் முன்பே அப்பாவுக்கு வாதம் அடித்துவிட்டது. மதுரையிலிருந்து அப்பாவைக் கொண்டுவந்து கிடத்தின அன்று, அவர் கை ஆணியைக் காட்டியது. அம்மா வயரை எடுத்துக் கொடுத்தாள். தங்கலட்சுமி லேப்டாப்பைக் கொண்டுவந்து முகப்பில் இருந்த அந்த மஞ்சள் படத்தை அழுத்தினாள். காணவில்லை என்றது. முகப்புக்கு வந்தது வீடியோ இல்லை, ஷார்ட்கட் என்கிற வெறும் கைகாட்டி. வழி சொல்லும், அவ்வளவுதான். வீடு பென் டிரைவுக்குள்ளேயே இருந்திருக்கிறது. அந்த வீட்டை அவளே இடித்துவிட்டு, அந்த இடத்தில் மிஷினைப் பிழைக்க வைக்கிற மருந்தை நிரப்பி வைத்திருக்கிறாள். அன்றைக்கு அவள் வாயில் வந்த முதல் பொய் "அப்டேட் ஓடுதுப்பா" என்பது.

சும்மா இருக்கவில்லை. அம்மாவுக்குத் தெரியாமல் பென் டிரைவை எடுத்துக்கொண்டு ராஜகுருவிடம் ஓடினாள். அவர் என்னென்னவோ போட்டுப் பார்த்தார். "அழிச்சிருந்தாக்கூட எடுத்துரலாம்மா. மேல எழுதியாச்சே" என்றார். வெறும் எண்களைப் பெயராகக் கொண்டு சில பைல்கள் வந்தன, ஒன்றும் திறக்கவில்லை. பழைய லேப்டாப்? அதை அன்றைக்கே பிரித்து, உதவுகிற சாமானை எடுத்துக்கொண்டு, டிஸ்க்கைக் காயலான் கடை லோடில் போட்டு அனுப்பிவிட்டாராம். முகத்தில் அறை வாங்கியது மாதிரி நின்றார் அவர். அவரைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. பஸ்ஸில் வரும்போது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பாவி, பாவி என்று தன்னைத்தானே வைதுகொண்டு வந்தாள்.

கடைசியாக ஒரு ஆள் பாக்கி இருந்தான். அண்ணனோடு திருப்பூரில் ஒரே ரூமில் இருந்த ஜெயக்குமார். அவனுடைய பழைய போன் ஒன்று டிஸ்ப்ளே போய்க் கிடக்கிறது, கடையில் கொடுத்துப் பார்க்கிறேன் என்று சொல்லியிருந்தான். உள்ளறையில் நின்று அவனைக் கூப்பிட்டாள்.

"இப்பத்தான் தங்கச்சி கடையில இருந்து வாரேன். ஒண்ணே ஒண்ணு கெடைச்சிருக்கு. குத்தாலம் போனப்ப எடுத்தது. மாரி பேசுறான் அதுல. அனுப்பிட்டேன், பாரு. அப்பா எப்படி இருக்காக?"

அவள் போனோடு கொல்லைப்பக்கம் ஓடினாள். வீட்டுக்குள் நெட் எடுக்காது. கருவேல வேலியை ஒட்டி ஆட்டுக்கொட்டிலுக்குப் பின்னால் ஒரு இடம் இருந்தது, அங்கேதான் எடுக்கும். போனைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு நின்றாள். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. இருளப்பா, கருப்பா, இந்த ஒருதடவை இறக்கிவிடு, அப்புறம் என்னை என்ன வேணுமானாலும் பண்ணிக்கோ என்று குலசாமியிடம் மன்றாடினாள்.

"தங்கம்! ஏ தங்கம்! மூச்சு ஒரு மாதிரி வருதுடி!" என்று உள்ளேயிருந்து அம்மா கத்தினாள்.

வட்டம் முடிந்தது. படத்தில் அண்ணன் நின்றான். தலையில் துண்டு, நனைந்த முகம், எல்லாப் பல்லும் தெரிகிற அதே சிரிப்பு. அதற்கு மேல் பார்க்க நேரமில்லை. அண்ணன் இருக்கிறான், பேசுகிறான், போதும். கட்டிலுக்கு ஓடி வந்து அப்பாவின் காதருகே மண்டி போட்டாள்.

"லேப்டாப்பு எங்கடி?"

"இதுலயே இருக்கும்மா. அப்பா, இங்க பாருங்க. அண்ணன். அண்ணன் பேசுது."

சத்தத்தை முழுசாக ஏற்றி அழுத்தினாள்.

அருவி இரைந்தது. வீட்டுக்குள் ஒரேயடியாகத் தண்ணீர் கொட்டியது. மழை காணாத அந்த ஊரில், ஓட்டுக்கூரை நிறைய, காது அடைக்கிற மாதிரி. அருவிக்கு அடியில் நின்று மாரிக்கண்ணன் கையை ஆட்டி ஆட்டி என்னவோ சொல்லிக்கொண்டிருந்தான். வாய் அசைந்தது. ஒரு சொல்கூட வெளியே வரவில்லை. எல்லாவற்றையும் தண்ணீர் அடித்துக்கொண்டு போனது.

"என்னடி இது, ஒரே இரைச்சலாக் கெடக்கு?" என்றாள் அத்தை. "பேசுறானா?"

"பேசுறான் அத்தை" என்றாள் தங்கலட்சுமி.

அப்போதுதான் அப்பாவின் கை அசைந்ததைப் பார்த்தாள். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் வயரைத் தேடிப் பிடித்தன. மெதுவாக வளைத்தன. இரைச்சல் நிற்கவில்லை. இன்னும் கொஞ்சம் திருப்பின. அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. வயர் சரியாகப் பிடிக்கவில்லை என்று நினைக்கிறார். தப்பு தன் கையில் என்று நினைக்கிறார். பையன் அந்தப் பக்கம் பேசிக்கொண்டிருக்கிறான், இந்தப் பக்கம் தான்தான் ஒழுங்காகப் பிடிக்கவில்லை என்று, இந்த மூச்சோடும் திருப்பிப் பார்க்கிறார்.

"பிடி சரியாத்தாம்ப்பா இருக்கு" என்று அவர் காதுக்குள் சொன்னாள். "நீங்க சரியாத்தான் பிடிச்சிருக்கீக. உங்க மேல ஒண்ணுமில்லப்பா. நான்தாம்ப்பா. நான்தான்."

அந்த இரைச்சலில் அது யாருக்கும் கேட்கவில்லை. படம் முடிந்து வீடு கப்பென்று அடங்கியது. அப்பாவின் விரல்கள் தவித்தன. அணைந்துபோய்விட்டது என்று நினைத்திருப்பார். வயரை இந்தப் பக்கம் வளைத்து, அந்தப் பக்கம் வளைத்து, விட்டுப் பிடித்தார். அவளுக்குத் தாங்க முடியவில்லை. மறுபடி அழுத்தினாள். மறுபடி தண்ணீர் கொட்டியது. உதடு ஒருதரம் அசைந்த மாதிரி இருந்தது. 'பொறு' என்றாரோ, 'வா' என்றாரோ. வயரைக் கடைசியாக ஒருமுறை திருப்பி, அப்படியே பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு விரல் அசையவில்லை.

அத்தை மூக்கருகே புறங்கையை வைத்துப் பார்த்தாள். மார்பில் காதை வைத்தாள். எழுந்து நின்று தலைமுடியை அவிழ்த்துவிட்டாள். அம்மாவின் அலறல் தெருவுக்குக் கேட்டது. தங்கலட்சுமியின் கையில் அருவி இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. சித்தப்பா வந்து போனை வாங்கி அணைத்தார்.

அவர்தான் வயரையும் எடுத்தார். விரலை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது. கொடுக்க மனமில்லாத பிள்ளையிடம் கேட்பது மாதிரி, "விட்டுருண்ணே, விட்டுருண்ணே" என்று சொல்லிக்கொண்டே பிரித்தார். பிறகு இரண்டு கால் பெருவிரலையும் சேர்த்துக் கட்டினார்கள்.

அன்று பொழுது சாயும்வரை வந்தவர்களுக்கெல்லாம் அத்தை ஒரே கதையைத்தான் சொன்னாள். திருச்சுழியிலிருந்து, மல்லாங்கிணற்றிலிருந்து, சம்பந்தகாரர்கள் யார் வந்து கட்டிப்பிடித்து அழுதாலும், அழுகைக்கு நடுவே சொன்னாள். "மண்ணுக்குப் போகல, பொன்னுக்குப் போகல. மகன் குரலக் காதுல போட்டதும் போயிட்டான் ஆத்தா! கேட்டுட்டுத்தான் போனான் எந்தம்பி! இந்தப் பிள்ள ஓடிப்போயி எடுத்தாந்து கேக்க வச்சா. பெத்தா இப்படிப் பெறணும்!"

கேட்டவர்கள் தங்கலட்சுமியின் தலையைத் தடவினார்கள். நல்ல சாவு என்றார்கள். அவளுக்கு ஒவ்வொரு கையும் நெருப்பாகச் சுட்டது. எழுந்து நின்று, கேட்கலை, அவருக்கு எதுவும் கேட்கலை என்று கத்திவிடலாமா என்று இருந்தது. கத்தி என்ன ஆகப்போகிறது? செத்தவர் நிம்மதியாகப் போனார் என்கிற ஒன்றுதான் அந்த வீட்டில் மிச்சமிருந்தது. முழங்காலில் முகத்தைப் புதைத்து உட்கார்ந்திருந்தாள்.

குடத்தில் நீர்மாலை எடுத்து வந்தார்கள். குளிப்பாட்டினார்கள். கொள்ளிச்சட்டியை யார் தூக்குவது என்ற இடத்தில் எல்லோரும் வேறு பக்கம் பார்த்தார்கள். சித்தப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு தூக்கினார். பாடைத் தேர் தெருமுனை திரும்பினதும், பெண்டுகள் வாசலோடு நின்றுகொண்டார்கள்.

மறுநாள் பால் தெளித்து முடிந்து, மத்தியானப் பஸ்ஸில் பாதிப் பேர் கிளம்பினார்கள். அத்தையும் ஆட்டுக்குட்டிகளைப் பார்க்க ஆளில்லை, கருமாதி விசேஷத்துக்கு வாரேன் என்று போய்விட்டாள். சாயங்காலம் வெயில் தாழ்ந்தபோது வீட்டில் தங்கலட்சுமியும் அம்மாவும் மட்டும் இருந்தார்கள். கட்டிலைக் கழுவிக் கொல்லையில் நிமிர்த்தி வைத்திருந்ததால் முன்வீடு வெறிச்சென்று கிடந்தது. சாமி அலமாரியில் அண்ணன் படத்துக்குப் பக்கத்தில் இன்னொரு படம் வைக்க இடம் ஒதுக்கியிருந்தார்கள். குங்குமம் இட்ட பென் டிரைவ் நடுவில் இருந்தது.

அம்மா அந்த நேரத்துக்கு எழுந்தாள். அப்பா வழக்கமாக உட்காருகிற நேரம் அது. ஆணியிலிருந்து வயரை எடுத்தாள். சித்தப்பா சுருட்டி மாட்டியிருந்தும் அதில் அந்த வளைவு அப்படியே நின்றிருந்தது. கட்டில் கிடந்த இடத்தில் தரையில் உட்கார்ந்து, சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"தங்கம்."

"என்னம்மா?"

"அவுக கேட்டுட்டுத்தான் போனாகன்னு மதினி சொல்லிட்டுப் போறாக. நானும் தலமாட்டுலதான் இருந்தேன். எனக்கு ஒண்ணும் விளங்கலடி. ஒரே தண்ணிச் சத்தமாத்தான் கெடந்துச்சு. எனக்குத்தான் காது அடைச்சிருச்சு போல."

தங்கலட்சுமி வாசல்நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அந்த மழப் படத்தப் போடு. டவர் கெடைக்கலம்பானே, அது. அவுகளும் பேசுவாகல்ல அதுல. ரெண்டு பேரையும் சேத்துக் கேட்டுக்கிறேன்."

இரண்டு பேரும் என்று அம்மா சொன்னபிறகுதான் அவளுக்கு அது உறைத்தது. 'மேல கேளு' என்கிற அப்பாவின் குரலும் அதோடு சேர்ந்துதான் போயிருக்கிறது. அப்பாவுடைய குரலும் இனி எங்கேயும் இல்லை. உள்ளே போய் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்து, அம்மாவின் முன்னால் வைத்துத் திறந்தாள். முகப்பில் அந்த மஞ்சள் படம் இருந்தது. அவள் அதைத் தொடவில்லை.

"அம்மா" என்றாள். "அம்மா, அது வந்து..."

"என்ன, அப்டேட்டு ஓடுதாக்கும்?" என்றாள் அம்மா. குரலில் கோபமில்லை. "ஓடட்டும். முடிஞ்ச பெறகு போடு. எனக்கு இனிமே என்ன வேல, நான் இருக்கேன்."

இரண்டு விரலில் வயரை வளைத்துப் பிடித்தாள். பிடி சரியாக வரவில்லை போலிருக்கிறது. கொஞ்சம் திருப்பி, அவர் பிடிக்கிற மாதிரி பிடித்துக்கொண்டு, திரையைப் பார்த்து உட்கார்ந்தாள்.